சிவப்புக் கட்டத்தில் தென்னங்கன்று

மரியதாஸ் வாங்கி வந்த தென்னங்கன்றுகள் மோட்டார் கொட்டகையிலேயே வாடிக் கிடந்தன. நெல்லுக்குத் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்தில் நடுவதற்கு வாங்கியவை. குழியும் வெட்டிவிட்டான். ஆனால் நடவில்லை. காரணம், பெண்டாட்டி காட்டிய படம்.

ஜெசிந்தா மேரிக்குப் பாண்டியில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை. வில்லியனூர்ப் பக்கத்தில் எந்த நிலம் வயலாகவே இருக்கும், எது மனையாகும் என்று கம்ப்யூட்டரில் கணித்துக் கட்டம் கட்டமாக நிறம் போடுவார்கள். வயலுக்குப் பச்சை, மனைக்குச் சிவப்பு. ஒருநாள் சோறு தின்றுகொண்டே லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "பாருயா, பதினஞ்சு வருசத்துல நம்ம வயலு செவப்பாயிடுது" என்று சிரித்தாள்.

அவளுக்கு அது ஒரு கட்டம். முதுகு ஒடிய மண் வெட்டியவனுக்கு அப்படியில்லை. தென்னை காய்க்கவே ஐந்தாறு வருடம் ஆகும். கூட வாழ்கிறவளே மனையாகிவிடும் என்கிறாள். பாண்டிக்குக் குடிபோகத்தான் அவளுக்கும் ஆசையோ? கேட்க வாய் வரவில்லை. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டான்.

விஷயம் காதுக்கு எட்டியதும் பக்கத்து வயல் கண்ணையன் சும்மா விடுவாரா?

"இன்னாடா தாஸு, உன் பொண்டாட்டியே உன் நெலத்துல மனைக்கல்லு நட்டுட்டாளாமே?"

"உன்னுது மட்டும் பச்சையாண்ணே? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கட்டந்தான்."

கண்ணையன் தன் வயலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை மதியம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெசி நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"இன்னாயா இது, பால் மறக்கடிச்ச புள்ளயாட்டம் கெடக்குது?"

"மனையில எவனாச்சும் தென்ன நடுவானா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதான் மூஞ்சியத் தூக்கி வெச்சினு இருந்தியா? வாயத் தொறந்து கேட்டா இன்னா?" லேப்டாப்பைத் திறந்தாள். "அது ஒரு கிலோமீட்டர் கட்டம்யா. உள்ள எது அதிகமோ அந்த நெறத்த மொத்தத்துக்கும் பூசிடும். நம்ம கட்டத்துல பாதிக்கு மேல வாய்க்காலுக்கு அந்தாண்ட."

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. அங்கே கண்ணுக்கு எட்டியவரை மனைக்கல்தான்.

"அவங்க மனை போட்டா நம்ம வயலு செவப்பாவணுமா? நல்லா இருக்குதுடி உங்க கணக்கு."

"அதான் முப்பது மீட்டர் கட்டமா வெட்டி மறுபடியும் ஓட்டினேன். இப்ப பாரு."

இந்தப் படத்தில் வாய்க்கால் தெரிந்தது. இந்தாண்டை முழுக்கப் பச்சை. நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரே ஒரு சிவப்பு.

"அது யாரு வூடு?"

"நம்ம ஊரு சிமெண்ட் களம். வூடுன்னு நெனச்சிக்கிச்சி."

மரியதாஸ் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: "அப்ப இதான் நெசமா? வயலு தங்குமா?"

ஆமாம் என்று சொல்லி அவனைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

"தெரியாதுயா. சின்னக் கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிறதுதான் தெரியுது. மதகடிப்பட்டு ரோட்டப் புடிச்சி ஜனம் மனை தேடி வர்றது பெரிய கட்டத்துலதான் தெரியுது. ரெண்டையும் வெச்சித்தான் பாக்கணும். ஆனா என் மனசுல இருக்கிறது ரெண்டுலயும் இல்ல."

"உன் மனசுல இன்னா இருக்குது?" கேட்டே விட்டான்.

அவள் தன் பையை அவன் பக்கம் தள்ளினாள். உள்ளே இரண்டு பொட்டலம் கல்லுப்பு. தென்னங்குழியில் உப்புப் போட்டுத்தான் கன்று வைப்பார்கள்.

"உப்பு இல்லாமதான் நீ நடாம வெச்சிருக்கியோன்னு நெனச்சேன். பஸ்ஸுல இதக் கட்டிக்கினு நின்னுனே வந்தேன், தெரியுமா?"

மரியதாஸ் படத்தைக் குனிந்து பார்த்தான்.

"ஏண்டி, களத்தோரமா நாலு தென்ன வெச்சா இந்தச் செவப்பும் பச்சையாயிடுமா?"

"கன்னுக்குத் தண்ணி ஊத்தாதவன் கேக்குற கேள்வியப் பாரு" என்றவள், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முதல் கன்றைத் தூக்கினாள். "உப்ப எடுத்துனு வா."