ராணிக்குப் போட்ட ஊசி

சத்தியமங்கலத்திலிருந்து பவானிசாகர் போகும் சாலையில், பேக்கரிக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே கோமளாவின் மருந்துக்கடை இருந்தது. கேட்கிற மருந்தை வைத்து வீட்டில் யாருக்கு என்ன என்று ஊகிப்பதில் அவளுக்குத் தனி ருசி. ஜீரண மருந்தை நாலு பாட்டிலாகக் கேட்டால் நேற்று அங்கே கிடா விருந்து. சுளுக்குத் தைலம் கேட்டுவிட்டு யாருக்கென்று சொல்லாமல் நெளிந்தால், அந்தப் பையன் புதிதாக ஜிம்மில் சேர்ந்திருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாமுவேல் வந்தார். மலையடியில் ஒரு ஏக்கர் சோளக்காடும் இரண்டு மாடும் வைத்திருப்பவர். டைக்ளோஃபெனாக் வலி ஊசி பத்துக் குப்பி வேண்டும் என்றார்.

"ஏனுங்கண்ணா, இத்தனையும் உங்க முழங்காலுக்கா? ஊட்டிக்கு நடந்தே போறீங்களா?"

"எனக்கில்லீங்கம்மணி. எங்கூட்டு ராணிக்கு. முட்டி வீங்கி எந்திரிக்க மாட்டாமக் கெடக்குது. மாட்டு டாக்டரு கேம்ப்புக்குப் போயிட்டாருங்க. பக்கத்தூட்டு மாட்டுக்கு இதத்தான் போட்டாங்க, எந்திரிச்சு நின்னுபோட்டுது."

"இது மனுசங்க மருந்துங்கண்ணா."

"வலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானுங்களே?"

கோமளா சிரித்துவிட்டாள். மாட்டுக்கு இது கூடாது என்று எப்போதோ படித்தது லேசாக நினைவுக்கு வந்தது. ஏன் கூடாது என்பது மட்டும் வரவில்லை. ஊரில் எத்தனையோ மாடுகள் இதைப் போட்டு எழுந்து நின்றிருக்கின்றன. சாமுவேலின் கண்கள் வேறு கலங்கியிருந்தன. பெட்டியை எடுத்து, இருந்ததையெல்லாம் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை கடை திறந்த கையோடு ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் பை, சேறு படிந்த ஷூ. ரப்பர் கையுறை ஒரு பெட்டி, முகக்கவசம், மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், கடைசியாக மூக்கில் தடவும் தைலம் என்று கேட்டாள். கோமளாவால் எந்த நோயோடும் இவற்றைப் பொருத்த முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காத கண்ணு. இதெல்லாம் எதுக்குன்னு சொல்லாட்டி எனக்கு இன்னிக்கு வேலை ஓடாது."

அவள் சிரித்தாள். பெயர் லாஸ்யா. கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவி. "செத்துப்போன ஒரு பறவைய டாக்டர் அறுத்துப் பாக்கப் போறாருங்க்கா. நான் கூட நிக்கணும். தைலம் நாத்தத்துக்கு."

"என்ன பறவை?"

"பாறு. பொணந்தின்னிக் கழுகுன்னு சொல்வாங்க."

"அதுக்கா இத்தனை மெனக்கெடறீங்க? வயசாகிச் செத்திருக்கும்."

"போன மாசம் செத்த பறவைக்குச் சின்ன வயசுங்க்கா. உள்ள தொறந்து பாத்தா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு. கிட்னி நின்னுபோனா அப்படித்தான் ஆகும்."

கோமளாவின் கை பில் போடுவதை நிறுத்தியது. "கழுகுக்குக் கிட்னி எதனால நிக்குது?"

"மாட்டுக்குப் போட்ட வலி ஊசியாலங்க்கா. ஊசி போட்ட ரெண்டு மூணு நாள்ல மாடு செத்துப்போச்சுன்னா மருந்து அதோட ஒடம்புலயே இருக்கும். பாறு கூட்டமா எறங்கித் திங்கும். ஒரு மாடு போதும், மொத்தக் கூட்டமும் போயிரும். வருசத்துக்கு ஒரே முட்டைதான் வெக்குது. நம்ம மாநிலத்துல மிச்சம் இருக்கறதே கொஞ்சம்."

"எந்த ஊசி கண்ணு?"

"டைக்ளோஃபெனாக். மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை பண்ணி ரொம்ப வருசமாச்சுங்க்கா. மனுசங்களுக்கு வர்றத வாங்கிப் போட்டுடறாங்க. எந்தக் கடையில குடுக்கறாங்கன்னுதான் தெரியல."

கோமளா போனை எடுத்தாள். சாமுவேலின் எண்ணைத் தேடி அழைத்தாள். எடுத்தது அவர் மகள். ராணி விடியற்காலையில் செத்துவிட்டதாம். நேற்று ராத்திரிகூட அப்பா ஊசி போட்டாராம். இப்போது டிராக்டரில் ஏற்றிப் பள்ளத்துக்குக் கொண்டு போயிருக்கிறாராம்.

"பள்ளத்துலயா? பொதைக்கலியா?"

"பறவைங்க திங்கட்டும்னு அங்கதானுங்க எப்பவும் போடுவாங்க."

போனில் பேசியது காதில் விழுந்த லாஸ்யாவின் முகம் மாறியது. "வெயில் ஏறிக் காத்து சூடானாத்தான் பாறு மேல எழும்புங்க்கா. அதுக்குள்ள போயிரணும்."

கோமளா ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். கடை வாசலில் வந்து நின்ற ஆள், "ஏனுங்க, சுகர் மாத்திரை!" என்று கத்தியது காதில் விழவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த லாஸ்யா வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பள்ளத்தின் ஓரத்தில் டிராக்டர் நின்றது. கீழே கற்களுக்கு நடுவே ராணி கிடந்தது. சாமுவேல் தன் துண்டால் அதன் முகத்தை மூடியிருந்தார். கோமளாவைக் கண்டதும் எழுந்தார்.

"ராணியப் பாக்கவா கடைய விட்டுப்போட்டு வந்தீங்க அம்மணி?"

"அண்ணா, இத இங்க போடக்கூடாதுங்க. பொதைச்சே ஆகணும்."

அவள் சொல்லச் சொல்ல, சாமுவேலின் முகம் இறுகியது. "எட்டு ஈத்துக் கன்னு போட்ட மாடுங்க. சந்தையில அடிமாட்டுக்குக் கேட்டாங்க, குடுக்கல. வலியில துடிக்கக் கூடாதுன்னு ஊசி போட்டேன். செத்த பொறவும் நாலு உசுரு பசியாறட்டும்னு இங்க கொண்டாந்தேன். இதுல எதுங்க தப்பு?"

எதுவும் தப்பில்லை. அதுதான் கோமளாவைக் கலங்கடித்தது. மாட்டின் மீது வைத்த இரக்கம் ஒன்று, பறவையின் மீது வைத்த இரக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்த இடத்தில் விஷம் இருந்தது.

"தப்பு உங்க மேல இல்லீங்கண்ணா. அந்த ஊசிய எதையும் யோசிக்காம எடுத்துக் குடுத்தவ நான்."

சாமுவேல் குனிந்து ராணியின் முகத்துத் துண்டைச் சரிசெய்தார். பிறகு லாஸ்யாவைப் பார்த்தார். "அழுகி நாறிக் கெடக்கறதத் தின்னு செரிக்கற பறவை அது. இத்தூண்டு ஊசி மருந்துக்கா சாகும்?"

"அழுகுனதச் செரிக்கற வயிறு அதுக்குப் பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க. இந்த மருந்து நாம நேத்து செஞ்சது. இதுக்கு அதுகிட்ட வயிறு இல்லீங்க."

அவர் அதை யோசித்தபடி அண்ணாந்து பார்த்தார். மலை முகட்டுக்கு மேல் ஒரு கரும்புள்ளி. அதன் பின்னால் இன்னொன்று. சிறகை அசைக்காமல், சூட்டில் மிதந்தபடி, வட்டம் வட்டமாக அவை இறங்கி வந்தன. இத்தனை கிட்டத்தில் கோமளா அவற்றைப் பார்த்ததில்லை. சிறகுகளை விரித்தால் ஒரு கட்டில் நீளம் இருக்கும். ஒன்று பள்ளத்துப் பாறையில் உட்கார்ந்து, வெற்றுக் கழுத்தைச் சாய்த்து ராணியைப் பார்த்தது.

சாமுவேல் முதலில் கையைத்தான் வீசினார். பறவை நகரவில்லை. மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்தார். எறிய மனம் வராமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பாறைக்குப் பக்கத்தில் விழும்படி எறிந்தார்.

"போயிருங்க! நாந்தான் கூப்பிட்டேன், நானே சொல்றேன், போயிருங்க! இன்னிக்கு இங்க சோறு இல்ல!"

மூவருமாக டிராக்டரில் இருந்த தார்ப்பாயை இழுத்து மாட்டின் மேல் போட்டுக் கல் வைத்தார்கள். சாமுவேல் போன் போட்டு வரச்சொன்ன ஜேசிபி வரும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் கத்தி, தகரத்தைத் தட்டி, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த பறவைகளை விரட்டினார்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு ராணியை மூடியபோது மத்தியானம் தாண்டியிருந்தது. பசியோடு வந்த பறவைகள் பசியோடு மலைக்குத் திரும்பின. லாஸ்யா விரல்விட்டு எண்ணினாள். ஏழு.

"ஏழும் போயிருச்சுங்க்கா," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கோமளாவால் ஊகிக்க முடியவில்லை.

மறுவாரம் வெங்கடபதி கடைக்கு வந்தார். பத்து மாடு வைத்திருப்பவர், வாய்த்துடுக்குக்காரர். மாட்டுக்கு அதே ஊசியைக் கேட்டார்.

"தர முடியாதுங்க. மாட்டு டாக்டருகிட்ட மெலாக்சிகாம் ஊசி கேளுங்க. வலியும் கேக்கும், அந்த மாட்டத் தின்னாலும் பாறுக்கு ஒண்ணும் ஆகாது."

"அட, மாடு சாகறதுக்கு முன்னாடியே கழுகுக்குப் பந்தி போடறீங்களா? பக்கத்துக் கடையில வாங்கிக்கறேன்."

"அங்கயும் சொல்லிப்போட்டேனுங்க. சத்தி வரைக்கும் ஒரு கடை விடல."

வெங்கடபதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்கம்மணி, பொணந்தின்னிக்கு இத்தனை கரிசனமா? அது போனா உங்களுக்கென்ன நட்டம்?"

"செத்தத அது தின்னு தீத்ததாலதான் நம்ம பள்ளமெல்லாம் நாறாமக் கெடந்துச்சுங்க. அது இல்லாத ஊர்ல தெருநாய்தான் பெருகுது, நாய்க்கடி ஊசிக்கு இங்கதான் வந்து நிப்பீங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். குரலில் கேலி இல்லை.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குதுங்க. இருக்கறப்பவே காப்பாத்திரணும். எதுக்கு, யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டு, மாட்டுக்குன்னா தர மாட்டேன்னு சொன்னாப் போதும், அவ்வளவு சுலபம். கடைசிப் பறவையும் போன பொறவு, அதத் திருப்பிக் கொண்டாற மருந்து எந்தக் கடையிலயும் கெடைக்காதுங்க."

வெங்கடபதி சிரிப்பை நிறுத்தினார். இடுப்பிலிருந்து கையை எடுத்துக் கண்ணாடி அலமாரிமேல் சாய்ந்தார்.

"அந்த மருந்து பேரு என்ன சொன்னீங்க? எழுதிக் குடுங்க, டாக்டருகிட்டக் காட்டணும்."