பத்து நாற்பது வண்டி

மூடிய எங்கள் ஸ்டேஷனின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லி ரயில்வே ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மூடும்போது ஒரு வார்த்தை கேட்காதவர்களுக்கு இப்போது வரலாறு வேண்டியிருக்கிறது. அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள் என்பதால் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் வந்தது தண்ணீர்த் தொட்டி. நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்ற இடம்தான் பிறகு ஊரானது. தொட்டிக்கு ஒரு ஆள், அவனுக்கு ஒரு வீடு, அப்புறம் பதினான்கு குவார்ட்டர்ஸ். காலை பத்து நாற்பது வண்டிதான் எல்லோருக்கும் கடிகாரம். அது கடக்கும்போது பேச்சை நிறுத்துவோம்; கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். அப்பா அம்மாவின் பாதிச் சண்டைகள் அந்த இடைவெளியில் மறந்துபோயிருக்கின்றன.

அப்பா கேட்கீப்பர், முப்பத்தோரு வருஷம். அவருக்கு முந்தைய காலத்தில் மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடிய ஒரு பால்காரர் வண்டியில் அடிபட்டுச் செத்தார். அன்றிலிருந்து கேட் மூடினால் எஞ்சினை அணைத்து, வாயையும் மூடிக்கொண்டு நிற்பது ஊர் வழக்கம். ஹாரன் அடித்தால் அவன் வெளியூர்க்காரன்.

இதுவரை எழுதிவிட்டேன். அடுத்து வரும் ஏழு நிமிஷத்தை எழுதலாமா என்றுதான் தெரியவில்லை. அப்பா இதைப் படிப்பார்.

இந்தப் பாதையில் வண்டிகளை நிறுத்திப் பன்னிரண்டாம் நாள் அது. கேட்டைக் கழற்ற உத்தரவு வரவில்லை, அப்பாவை வரவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்கு டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். காலையில் அம்மா நெஞ்சைப் பிடித்தபடி சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஆம்புலன்ஸ் ஓட்டி வந்தவன், ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மகன், எங்கள் ஊர்ப் பையன்தான்.

கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி நின்றது. அவன் சைரனை நிறுத்தினான், எஞ்சினையும் அணைத்தான்.

"வண்டி வரப்போகுதுக்கா."

"ம்," என்றேன்.

லாரிக்கு அப்பால் அப்பா எங்களுக்கு முதுகு காட்டி, பச்சைக் கொடியோடு தண்டவாளத்தைப் பார்த்து நின்றார். அம்மாவின் கை என் கையில் இருந்தது. இல்லாத வண்டிக்காக ஏழு நிமிஷம் காத்திருந்தோம். வண்டியே கிடையாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு நாளாக ஒரு டிக்கெட்கூட விற்காத எனக்கும் தோன்றவில்லை.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்கக்கா, தாங்க மாட்டாரு," என்றான் பாயிண்ட்ஸ்மேன் மகன். கேட் மூடும் முன்பே தாண்டிவிட்டோம் என்று அப்பாவிடம் சொன்னோம். தலையாட்டினார். இது நடந்து ஏழு மாதம் ஆகிறது.

கடைசியில் அந்த நாளை விட்டுவிட்டேன். கடைசி வண்டி போனதோடு வரலாற்றை முடித்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"தேதியெல்லாம் சரியா இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சும்மா."

உள்ளே போய் கேட் ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். கேட்டை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அதில் எழுதுவது விதி. கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். அவருடைய குண்டுக் கையெழுத்து.

மூடியது 10.33. திறந்தது 10.40. வண்டி வரவில்லை. காத்திருந்தவை: லாரி 1, ஆம்புலன்ஸ் 1.

அதற்குக் கீழே எதுவும் எழுதியிருக்கவில்லை. மேலே இருந்த தேதி, அம்மா போன நாள்.

"சைரன் கேட்டுச்சும்மா," என்றார் அப்பா. "வண்டி போனதும் திறந்து விட்டுடலாம்னுதான் நின்னேன்."