மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். ஒரு இரும்புத் தண்டு மயிரிழை தடித்திருந்தாலும் தனியே எடுத்து வைத்துவிடுவார். யார் தலைகீழாக நின்றாலும் கையெழுத்து விழாது. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மில்லிமீட்டர்'. அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஐம்பத்து மூன்றாவது வயதில் கால்ஃப் மட்டையைத் தொட்டதற்குக் காரணம் முதலாளி. ஒருநாள் அதிகாரிகளையெல்லாம் தன் கிளப்புக்கு அழைத்துப்போய், ஆளுக்கு ஒரு பந்து கொடுத்து, "அடிங்க பாப்போம்" என்றார். மில்லிமீட்டர் அடித்தார். பந்து பத்தடி உருண்டது. பெயர்ந்த புல்கட்டி இருபதடி பறந்தது.

"பந்தைவிட புல்லு நல்லா போகுது சார்" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பிடித்தது மூன்று வருஷம் விடவில்லை. முதலில் யாரோ ஆடிக் கழித்த மட்டைகள். பிறகு, உயரத்துக்குத் தோதாக இல்லை என்று புதிய மட்டைகள். வீட்டுக்குப் பின்னாலிருந்த சிமெண்டு முற்றத்தில் ஒரு வலை, நின்று அடிக்க ஒரு பச்சைப் பாய், பந்தின் வேகத்தை அளக்க ஒரு சின்னப் பெட்டி. சமையலறை அலமாரிக்காக மனைவி சேர்த்து வைத்திருந்த பணம் இப்படி வலையாகவும் பாயாகவும் மாறிப்போனது. "அலமாரி எங்க ஓடிப்போகுது?" என்றார். அலமாரி ஓடித்தான் போகவில்லை. வரவும் இல்லை.

மனைவி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். இருவருக்கும் அவசரமில்லாமல் கிடைக்கும் ஒரே நேரம் காலை ஆறரையிலிருந்து ஏழரை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் முற்றத்துப் படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். எந்தப் பையன் எந்தக் கணக்கை எப்படித் தப்பாகப் போட்டு எப்படிச் சரியான விடையைக் கொண்டு வந்தான் என்று அவள் நடித்துக் காட்டுவாள். இவர் புரையேறச் சிரிப்பார். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் கால்ஃப் எடுத்துக்கொண்டது. கேட்டு எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சியாளர் வேறு ஊரில் இருந்தார். பாடமெல்லாம் போன் வழியாக. தினமும் மட்டை வீச்சை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர் அதில் கோடு கிழித்து, இடுப்பு எங்கே திரும்புகிறது, தோள் எங்கே இறங்குகிறது என்று சொல்வார். "சத்தத்தை அணைச்சிட்டுப் பாருங்க சார். பந்து பட்ற சத்தம் நல்லா இருந்தா வீச்சும் நல்லா இருக்கிற மாதிரி தோணும். அது ஏமாத்தும். படத்தை மட்டும் பாருங்க." மில்லிமீட்டருக்கு இந்த மாதிரிப் பேச்சு சர்க்கரை. ஒவ்வொரு வீடியோவுக்கும் தேதி, எண் போட்டு அடுக்கினார். தினமும் சாப்பாட்டு இடைவேளையில், சத்தமில்லாமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் பயிற்சியாளர் குறைப்பட்டுக்கொண்டார். "பின்னாடி யாரோ நடக்கறாங்க சார். இடுப்பு சரியா தெரியல."

யாரோ இல்லை. சமையலறைக் கதவிலிருந்து கடைசியில் இருக்கும் துணிக்கொடிக்கு வாளியோடு போகிற மனைவி. மில்லிமீட்டர் தொழிற்சாலையில் தரைக்குப் பூசுகிற மஞ்சள் பெயின்டில் மிச்சம் கொண்டுவந்து, முற்றத்தின் ஓரமாக நீளக் கோடு ஒன்று போட்டார்.

"இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமாவே போய் வாம்மா. நான் மட்டையைத் தூக்கிட்டா பேசாதே. அவ்வளவுதான் கேக்கறேன்."

"சரிங்க. அப்படியே ஒரு சிக்னலும் போட்டுடுங்க, பச்சை விழுந்ததும் துணி காயப்போடறேன்" என்றாள். அவளுக்கு அப்போது இன்னும் வேடிக்கை பேச்சு வந்துகொண்டிருந்தது.

ஆட்டக்காரரின் தரத்தைச் சொல்ல ஹேண்டிகேப் என்று ஒரு எண் உண்டு. குறையக் குறைய நல்லது. இவருடையது முப்பதில் தொடங்கியது. இருபத்தாறு, இருபத்திரண்டு என்று இறங்கியது. அந்தக் காலத்தில் வீட்டில் வேறு சிலதும் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. கரும்பலகையில் எழுத்து ஏறி இறங்குகிறது என்று சொல்லி, மூன்று வருஷம் மிச்சமிருக்கும்போதே வேலையை விட்டாள். ஓய்வு வேண்டியிருக்கிறது போல என்று இவர் நினைத்துக்கொண்டார். ஜாடி மூடி திறக்க வரவில்லை என்றாள். இவர் தன் பிடி வலுப்பட வாங்கிய ரப்பர் பந்தை எடுத்துக் கொடுத்து, "தினமும் நூறு தடவை அமுக்கு, சரியாயிடும்" என்றார். அந்த மனிதரை என்ன செய்வது சொல்லுங்கள். அவளும் அமுக்கினாள்.

ஹேண்டிகேப் பதினாறைத் தொட்ட வாரத்தில் அவள் துணிக்கொடியடியில் விழுந்தாள்.

நரம்பு டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிப் பேனாவால் காட்டினார். "கழுத்தெலும்பு வளந்து உள்ள இருக்கிற நரம்புத் தண்டை அழுத்துது. அதான் கை பிடிமானம் போகுது, கால் இழுக்குது. ஆபரேஷன் பண்ணா அழுத்தத்தை எடுத்துடலாம். ஆனா போனது எவ்வளவு திரும்பும்ங்கறது எவ்வளவு நாளா அழுத்துதுங்கறதைப் பொறுத்தது. எப்போ ஆரம்பிச்சது?"

"ரெண்டு மாசமா டாக்டர்" என்றார் மில்லிமீட்டர், யோசிக்காமல்.

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடியே" என்றாள், மெதுவாக.

"முன்னாடின்னா?"

"சரியா சொல்லத் தெரியல டாக்டர்."

"யோசிச்சுப் பாருங்க. அடுத்த வாரம் வரும்போது சொல்லுங்க. ஆறு மாசத்துக்குள்ளன்னா பெரும்பாலும் பழையபடி எழுதலாம், நடக்கலாம்."

மறுநாள் மில்லிமீட்டர் விடுப்பு எடுத்தார். மதியம் அவள் படுத்திருந்தாள். இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் வீடியோ, தேதிவாரியாக. ஆறு மாதத்துக்கு முந்தையதைத் திறந்தார். அதில் கால் இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்காக அவர் யாரை வேண்டிக்கொண்டாரோ தெரியாது, வேண்டிக்கொண்டார்.

இழுத்தது. படத்தின் ஓரத்தில், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், வாளியோடு போகிற அவளுடைய இடது கால் தரையை உரசிக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தையதைத் திறந்தார். உரசல் குறைவு, ஆனால் இருந்தது. நேராகப் போன கோடு பக்கத்திலேயே இருந்ததால் அளவுகோலே வேண்டியிருக்கவில்லை. அவள் அதைவிட்டு எவ்வளவு விலகி விலகி நடந்தாள் என்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இன்னும் பின்னால் போனார். ஒரு வருஷம் எட்டு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் அவள் கால் ஒழுங்காக இருந்தது. இந்த வீடியோக்கள் ஒவ்வொன்றையும் அவர் குறைந்தது ஐந்து தடவை பார்த்திருக்கிறார்.

அதற்கு அடுத்த வாரத்து வீடியோவில் சத்தத்தைத் திறந்தது தற்செயலாகத்தான். கை பட்டுவிட்டது.

"என்னங்க, இந்தக் கால் ஒரு மாதிரி இழுக்குதுங்க."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நிழல் விழுது."

பிறகு மட்டை பந்தில் பட்ட சத்தம். நல்ல சத்தம்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சத்தத்தோடு பார்த்தார். இரண்டு நாள் ஆயிற்று. விரல் மரத்துப்போகிறது என்று ஒருநாள். பித்தான் போட வரவில்லை என்று ஒருநாள். "நீங்க முடிச்சதும் ஒண்ணு சொல்லணும்" என்று ஒருநாள். அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறார், முடித்ததும் மட்டையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். வர வர அவள் கோட்டருகில் வந்து நிற்பாள், வாயைத் திறப்பாள், இவர் மட்டையைத் தூக்குவதைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். கடைசி ஐந்து மாதம் வாளிச் சத்தம் மட்டும்தான்.

விழுந்த அன்றைய வீடியோவைத் திறக்க மனம் வரவில்லை. திறந்தார். அவள் விழுந்தாள், வாளி உருண்டது. அவர் மட்டையைத் தோளுக்கு மேல் வைத்தபடி, பயிற்சியாளர் சொன்ன மாதிரி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பிறகு திரும்பினார். இடையில் நான்கு விநாடி. அளந்தார். மில்லிமீட்டர் இல்லையா, அளக்காமல் இருக்க முடியவில்லை. அளந்துவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்து அழுதார்.

இரண்டு மாதம் என்று சொன்ன வாயை அப்படியே மூடி வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கையெழுத்து என்று வந்தால் அவரால் பொய் சொல்ல முடியாது. தொழிற்சாலை அறிக்கை மாதிரியே கட்டம் போட்டு எழுதினார்: தேதி, கால், கை, அவள் சொன்னது. 'நான் சொன்னது' என்று கடைசியில் ஒரு கட்டம் போட்டார். அதையும் நிரப்பினார்.

டாக்டர் நிதானமாகப் படித்தார். "இவ்வளவு துல்லியமா எந்தக் குடும்பமும் எனக்கு எழுதிக் கொடுத்ததில்ல" என்றார். அந்தப் பாராட்டைவிட அறைந்திருந்தால் தேவலை. "எப்படி முடிஞ்சது?"

"எல்லாம் படமா எடுத்து வச்சிருந்தேன் டாக்டர். பாக்கத்தான் இல்ல."

டாக்டர் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தாளை மடித்தார். "ஆபரேஷன் பண்ணிடலாம். இதுக்கு மேல போகாம தடுத்துடும். கால் கொஞ்சம் தேறும். விரல்... ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆயிடுச்சே. பழையபடி எழுத வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவள் தன் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது அதுல கேக்குதா?"

"கேக்குது."

"எத்தனை தடவை?"

"பதினொண்ணு."

"பன்னண்டு" என்றாள் கணக்கு டீச்சர். "ஒருநாள் நீங்க படம் எடுக்கல. மழை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "இப்ப வேண்டாங்க. எனக்கு இப்ப அதைக் கேக்க தெம்பு இல்ல."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மட்டைகளை இவர் யாருக்கோ கொடுத்துவிட்டார். வலை, பாய், சின்னப் பெட்டி எல்லாம் போயின. அந்த இடத்தில் இப்போது நடைப் பயிற்சி. பயிற்சி கொடுக்கிற பெண், தினமும் அவள் நடப்பதைப் பின்னாலிருந்து படமெடுத்து வாரத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொன்னாள். போனை எங்கே நிறுத்த வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் காலை ஆறரைக்கு, அவள் ஊன்றுகோலோடு கதவுக்கு வந்தபோது, இவர் முழங்கால் போட்டு மஞ்சள் கோட்டைப் பெயின்ட் கரைப்பான் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"அழிக்கிறேன்."

"விடுங்க. நேரா நடக்கிறேனான்னு பாக்க எனக்கு அது வேணும்."

எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் வழக்கப்படி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "இந்தப் பக்கம் வாம்மா, நடுவுல" என்றார். அவள் தயங்கி, ஊன்றுகோலை முதலில் வைத்து, கோட்டைத் தாண்டி வந்தாள்.

"ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு."

"இப்ப நான் பேசலாமா?"

"பேசும்மா" என்றார். "என்ன வேணும்னாலும் பேசு."

அவள் கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை போலிருக்கிறது. கோட்டைப் பார்த்தபடி, இடது காலை இழுத்து இழுத்து, துணிக்கொடியை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.