குன்னூரில் இல்லாத நாலு நாள்

அந்தோணிராஜ் குன்னூருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது அருள்செல்வி அதைக் கையில் வாங்கவில்லை. தம்பி ஆசையாகத்தான் கூப்பிட்டான். கணவர் பால்ராஜ் இறந்த பிறகு அக்கா ஆவடி சேக்காட்டு வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை, மலைக்காற்று பட்டால் கொஞ்சம் தேறுவாள் என்பது அவன் நினைப்பு. அவனுக்கு ஒரு விருப்பமும் இருந்தது. எண்பத்தேழில் அவளும் மாமாவும் தங்கியிருந்த எஸ்டேட் குவார்ட்டர்ஸை அவள் காட்ட வேண்டும்.

"ஒரு தபா பாத்துட்டா மனசு ஆறிப்பூடும்க்கா."

அப்படி ஒரு குவார்ட்டர்ஸே கிடையாது. அருள்செல்வி குன்னூரை அதுவரை கண்ணால் பார்த்ததும் இல்லை.

பால்ராஜ் வேலை பார்த்த தொழிற்சாலையில் சில வருஷங்களுக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரப் பயணப்படி கொடுப்பார்கள். பாதிப்பேர் எங்கும் போக மாட்டார்கள். டிக்கெட் எடுத்து, நம்பரைக் குறித்துக்கொண்டு, ரத்து செய்துவிட்டு, போய்வந்ததாக எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள். அந்த வருஷம் பால்ராஜுக்குச் சமையலறைக்குத் தளம் போட வேண்டியிருந்தது. ஆனால் முந்தின வருஷம்தான் கூட வேலை பார்த்த கங்காதரன் என்பவர் கன்னியாகுமரியில் இருக்க வேண்டிய நாளில் லுங்கியோடு ஆவடி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்து, மொட்டைக் கடிதாசியில் மாட்டியிருந்தார். அதனால் பால்ராஜ் உஷாராக வீட்டைப் பூட்டினார். தெருவே பார்க்கப் பெட்டியோடு கிளம்பி, சிநேகிதர் ஒருவர் பூந்தமல்லி பக்கம் நூம்பலில் பாதி கட்டிப் போட்டிருந்த வீட்டுக்கு மனைவியை அழைத்துப் போனார்.

ஜன்னலுக்குக் கதவில்லை, சாக்கு தொங்கியது. யாராவது கேட்டால் சொல்வதற்காக நாலு நாளும் பால்ராஜ் குன்னூர் பாடம் நடத்தினார்.

"சிம்ஸ் பார்க்ல இன்னா பாத்தே?"

"மரம்."

"மரம் ஆவடிலயுந்தான் கீது. பேரச் சொல்லு."

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளோடு அவ்வளவு பேசியதில்லை. அதை இப்போது நினைத்தாலும் அவளுக்கு உடம்பு கூசும்.

பாரிவாக்கத்தில் இருந்த அப்பாவிடமும் தம்பியிடமும்கூட மூச்சு விடக் கூடாது என்று பால்ராஜ் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு மட்டுமாவது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலை பூந்தமல்லி கடைத்தெருவில் தேயிலைத்தூள் வாங்கி, தெருவில் கொடுக்கச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு சேக்காட்டுக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு லோகநாயகி அவளைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. செல்வி வந்துட்டாளா, செல்வி வந்துட்டாளா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாராம். அவளைக் கையோடு கூட்டிவர அந்தோணிராஜ் அன்று ராத்திரியே குன்னூருக்கு ரயிலேறிவிட்டான். மறுநாள் விடியும்போது உயிர் போய்விட்டது. மே மாத வெயில், வியாழன் மாலைக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைப் பெரியப்பா மகன் போட்டிருந்தார். நூம்பலிலிருந்து பாரிவாக்கம் சைக்கிளில் அரை மணி நேரம்.

அவள் பாரிவாக்கம் போய்ச் சேர்ந்த அந்த வெள்ளிக்கிழமை மதியமே அந்தோணிராஜ் வந்து சேர்ந்தான். இரண்டு நாளாக லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியிருக்கிறான். மாதா கோயிலில் சாமியாரிடம் கேட்டிருக்கிறான். ரயில் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் போய் நின்றிருக்கிறான். அப்பாவை அடக்கம் செய்தது அவனுக்கு வீட்டு வாசலில்தான் தெரிந்தது. அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஒயுங்கா தேடலக்கா. எங்கதான் தங்கினீங்க?"

அவள் வாய் திறப்பதற்குள் பால்ராஜ், தெரிந்தவர் ஒருவருடைய எஸ்டேட் குவார்ட்டர்ஸில் என்று சொல்லிவிட்டார். லாட்ஜுகளையே சுற்றிக்கொண்டிருந்தேனே என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அவள் அவன் கையை மட்டும் பிடித்து நிறுத்தினாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் அப்பாவின் நினைவுப் பூசை முடிந்ததும், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, அக்கா அப்பா முகத்தைப் பார்க்காமல் போனது தன் தப்புதான் என்று அந்தோணிராஜ் சொல்வான். ஆறு பூசைகளிலும் அவள் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே அவன் காட்ட ஆரம்பித்தான். இந்த லாட்ஜில் கேட்டேன், இங்கே இருந்தவன் விரட்டினான், இந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். சிம்ஸ் பார்க், ரோட்டுக்குக் கீழே பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. ஏழு வருஷமாக அவள் அதை மேட்டில் இருப்பதாகத்தான் எல்லாரிடமும் சொல்லிவந்தாள்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு. எந்தப் பக்கம் என்று அவன் கேட்டான். எதிர்ச் சரிவில் தகரக்கூரை வீடுகள் வரிசையாக இருந்தன. அவள் கை தானாக அதைக் காட்டிவிட்டது.

அந்தோணிராஜ் திரும்பி, தான் அன்று விசாரித்த மாதா கோயிலின் கோபுரத்தைப் பார்த்தான். மறுபடி வீடுகளைப் பார்த்தான்.

"இவ்ளோ கிட்டவா? அன்னிக்கு அங்க நின்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா உனுக்குக் கேட்டிருக்கும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் இருந்தால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வரலாம், மாமாவுக்கும் அக்காவுக்கும் சோறு போட்டவர்கள் ஆயிற்றே என்று ஒற்றையடிப் பாதையில் இறங்கினான். அவள் எட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"போவாதடா. நாங்க இங்க வரவேயில்ல."

அவனுக்குப் புரியவில்லை.

"அந்த நாலு நாளும் நூம்பல்ல இருந்தோம்."

"நம்ப நூம்பலா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். பயணப்படி, பூட்டின வீடு, சாக்குத் தொங்கின ஜன்னல் எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்தான். கொழுந்து மூட்டையோடு பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். காலை மடக்கி அவர்களுக்கு வழிவிட்டான்.

"மாமா வேலைக்குப் பயந்து சொன்னாரு. சரி, உடு. நீ ஏன்க்கா சொல்லல?"

வெட்கமாக இருந்தது என்றாள். சொன்ன பிறகு அது அவளுக்கே ஒரு பதிலாகப் படவில்லை.

அவன் பிறகு எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான்.

"அடுத்த மாசம் அப்பா பூசைக்கு எல்லாரும் வருவாங்க. என் தப்புன்னு இனிமே நான் சொல்லமாட்டேன். இன்னா சொல்றதுன்னு நீயே பாத்துக்க."

பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். இறக்கமான சாலை. அக்கா வருகிறாளா என்று அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பின்னாலேயே இறங்கினாள். பூசையன்று யார் யார் வருவார்கள், யாரிடமிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே.