நுனி வெட்டுப்பட்ட படம்

அண்ணன் காணாமல் போய் சரியாக ஓராண்டு. அதே தேதிக்காகக் காத்திருந்து நானும் அண்ணியும் பாலைக்குப் போனோம். அன்றைக்குத்தான் பாறையின் நிழல் அவர் கடைசியாக அனுப்பிய படத்தில் உள்ளபடி விழும்.

பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றுமுன் அண்ணன் போனில் ஒரு சோதனைப் படம் எடுத்து அண்ணிக்கு அனுப்புவார். கடைசிப் படம் மாலை ஐந்து பன்னிரண்டுக்கு வந்தது. சிவந்த பெரும்பாறை, அதன் முன்னே இடப்பக்கம் ஒரு குட்டிப் பாறை, நீண்ட நிழல். அண்ணி அதை எனக்கும் போலீசுக்கும் அனுப்பினார். போலீஸ் பாறையடியில் ஒன்பது நாள் தேடியது. ஜீப் மட்டும் கிடைத்தது.

"பாறையைப் படம் எடுத்தவர் பாறையடியிலயா நிப்பாரு?" என்று கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் பாஸ்போர்ட் படம் எடுப்பவன்.

வழியில் அண்ணி சொன்னார்: "உங்க அண்ணன் உன்னை என்ன சொல்வாரு தெரியுமா தம்பி? உலகத்தையே ஒரு ஸ்டூல்ல உக்கார வெச்சு, தாடையைத் தூக்குன்னு சொல்றவன்னு."

"அவரு மட்டும் என்ன? கல்லைப் பாத்து அசையாதேன்னு சொல்றவரு."

அண்ணி சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார்.

நாலரைக்கு எதிர்மேட்டில் ஏறினோம். இடது கையில் அந்தப் படத்தின் பிரின்ட், வலது கையில் போன். இடப்பக்கம் நகர்ந்தால் குட்டிப் பாறை பெரியதை மறைத்தது. வலப்பக்கம் போனால் நடுவில் இடைவெளி விழுந்தது. அரையடி அரையடியாக நகர்ந்தேன். ஐந்து பத்துக்கு இரண்டும் தொட்டும் தொடாமலும் நின்றன. நிழலும் பொருந்தியது.

காலடியில் மூன்று கற்கள், முக்கோணமாக. முக்காலி வழுக்காதிருக்க அண்ணன் முதலில் வைப்பவை.

"இங்கதான் நின்னிருக்காரு."

அண்ணி கற்களைத் தொடவில்லை.

போனை உயர்த்தினேன். எல்லாம் சரி. பாறையின் நுனி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது, பிரின்டில் உள்ளதுபோலவே. திரையைப் பார்த்தபடி பின்னால் ஓரடி வைத்தேன். இன்னோரடி.

"தம்பி, நில்லு!"

அண்ணி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். அவர் பாறையைப் பார்க்கவே இல்லை; என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பினேன். இரண்டடிக்கு அப்பால் மேடு பிளந்திருந்தது. ஓர் ஆள் அகலம், மேலே முள்செடி. தள்ளி நின்று பார்த்தால் வெறும் நிழல். படுத்துக்கொண்டு டார்ச் அடித்தேன். முக்காலியின் ஒரு கால். நீலப் பை. அதற்குக் கீழே வெளிச்சத்தை அதிக நேரம் வைக்கவில்லை.

"இருக்காரா?"

"இருக்காரு, அண்ணி."

அவர் மணலில் உட்கார்ந்தார். பிறகு தன் போனை நீட்டினார். படத்துக்குக் கீழே அவர் அனுப்பிய பதில் இருந்தது. நான் பார்த்திராதது.

நுனி வெட்டுப்படுது. இன்னும் கொஞ்சம் பின்னால போங்க.

பக்கத்தில் இரண்டு நீல டிக்.

"படத்தை மட்டும்தான் எல்லாருக்கும் குடுத்தேன். இதைக் காட்டல," என்றார். "நான்தான் அவரை அனுப்பினேன்."

பாறையில் வெயில் மேலேறி நுனியில் மட்டும் நின்றது.

"எனக்கு யாரும் சொல்லலையே அண்ணி," என்றேன். "நானும் பின்னாலதான் போனேன்."

அவர் கற்களைப் பார்த்தார். அங்கிருந்து பிளவை நோக்கி மணலில் இரண்டு தடங்கள், என்னுடையவை. வெளிச்சம் போகும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.