அறுந்ததாகச் சொன்ன கயிறு

மின்கம்பித் தடத்தில் புதர் வெட்டும் எங்கள் ஆட்களிடையே எனக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். மற்றவர்கள் ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு வந்து சேர்வதற்குள் நான் வந்து, தண்ணீர் குடித்து, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருப்பேன். அந்தப் பெயரில் எனக்கு நிறையவே தலைக்கனம் இருந்தது. இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

எங்கள் வெட்டுக்கத்தி ஒரு முழத்துக்கு மேல் நீளம். அந்த வருஷம்தான் பிடியின் அடியில் துளை போட்டு, ஒரு கயிற்று வளையம் கோத்துக் கொடுத்தார்கள். கைக்கயிறு என்றோம். அதைப் போட ஒரு முறை உண்டு. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை மேலாக இழுத்து, அப்புறம் பிடியைப் பிடிக்க வேண்டும். வழுக்கினாலும் கத்தி பறக்காது. ஆபத்து என்றால் கையை விரித்தால் போதும், கயிறு தானாகக் கழன்று கத்தி காலடியில் விழும். வளையல் மாதிரி மணிக்கட்டில் இறுக்கிக் கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் நழுவிய கத்தி ஊஞ்சலாடி நம் முழங்காலுக்கே வந்துவிடும்.

இதையெல்லாம் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டோர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், கறார் பேச்சு. நாற்பத்திரண்டு கத்திக்கும் கயிறு தேர்ந்தெடுத்து முடிச்சுப் போட்டதும் அவர்தான். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்.

எனக்கு அந்தக் கயிறு ஆகவில்லை. கை மாற்றினால் தடங்கல், முள்ளை இழுத்துப் போட்டால் தடங்கல். நாலாம் நாளே அதை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கத்தி அவரவரிடமே இருக்கும், மாசம் ஒருமுறை சாணை பிடிக்கத்தான் ஸ்டோருக்குப் போகும். அதற்குள் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

எங்களோடு என் தங்கை புருஷனும் இருந்தார். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தவர். கடை மூடியதும் இங்கே சேர்த்துவிட்டது நான்தான். அவர் ஒவ்வொரு தடவையும் கயிற்றைப் பொறுமையாக மாட்டிவிட்டுத்தான் கத்தியைத் தூக்குவார்.

“மாப்ள, இப்படி மாட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா கம்பமே நம்மளத் தேடி நடந்து வந்துடும்” என்றேன் ஒரு நாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் மாட்டிக்கொண்டுதான் வெட்டினார்.

கயிறு வந்து மூன்றாவது வாரம். விடியும்வரை மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. கையுறை ஊறிப்போய்ச் சப்பென்று இருந்ததால் கழற்றிப் போட்டேன். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் பத்தடி இடைவெளி வேண்டும் என்பது விதி. நான் வேகமாக வெட்டிக்கொண்டே மாப்பிள்ளையை நெருங்கிவிட்டிருந்தேன். மணிக்கட்டுக் கனமான ஒரு தண்டை ஓங்கி வெட்டினேன். பாதி வீச்சில் கை லேசானது. கத்தி என் கையில் இல்லை.

மாப்பிள்ளை அலறவில்லை. ஈரத் தரையில் மெல்ல உட்கார்ந்தார்.

“மச்சான், என் கால்ல என்னவோ ஆயிடுச்சு” என்றார், ஏதோ அவர் செய்த தப்பு மாதிரி.

குதிகாலுக்கு மேலே நரம்பு பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

“கயிறு போடலையா நீ?”

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் முந்திக்கொண்டது. “போட்டிருந்தேன் சார். அறுந்துடுச்சு.”

“அறுந்த கயிறு எங்க?”

“பையில இருக்கு.”

“அப்புறம் கொடு, ரிப்போர்ட்டோட வைக்கணும்” என்று அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

கயிறு பையில் இருந்தது உண்மை. ஆனால் பிளேடால் அறுத்த வெட்டு, பார்த்தாலே தெரிந்துவிடும். ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அந்த முனையைச் சிமெண்டுச் சுவரில் வைத்துத் தேய்த்தேன். இழை பிரியும்வரை தேய்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டியதும் “ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, இன்னும் நாலு தடவை தேய்த்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுமையாகச் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

கயிறு ரிப்போர்ட்டோடு போனது. மூன்றாம் நாளே நடவடிக்கை வந்தது. தரமில்லாத கயிறு வாங்கியதாகச் சொல்லி ஸ்டோர் அக்காவைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அன்று சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்று, “என் கையால போட்ட முடிச்சுப்பா. மன்னிச்சிடு” என்றார் மாப்பிள்ளையிடம்.

என் தங்கை எழுந்தாள். “மன்னிப்புக் கேட்டா நடக்க முடியுமா இவரால? ஒரு கயிறு பார்த்து வாங்கத் தெரியாதா உங்களுக்கு? இதுக்கா அங்க உட்கார வெச்சிருக்காங்க?”

இன்னும் என்னென்னவோ சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் ஜன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்ததைத் தின்பாரும் இல்லை.

அவர் கிளம்பியபோது வாசல்வரை போனேன். தாழ்வாரத்தில் நின்று கேட்டார்.

“எந்த இடத்துலப்பா அறுந்தது? நடுவுலயா, முடிச்சுலயா? அது தெரிஞ்சா மத்தவங்க கத்தியையாவது சரிபண்ணலாம்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆளில்லாத தாழ்வாரம். அவர் முகமும் கோபமாக இல்லை.

“முடிச்சுக்குப் பக்கத்துல” என்றேன்.

அவர் ஒரு துண்டுச் சீட்டில் அதை எழுதிக்கொண்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது, புதுக் கயிறு வரும்வரை பழையதைக் கழற்றிவிட வேண்டும் என்று. நாற்பத்தொரு கத்தியிலும் கயிற்றை அவிழ்த்தார்கள். எனக்குக் கத்தி இல்லை, வெட்டியதை வாரிக் குவிக்கும் வேலை. பத்து மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. முன்னால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கையிலிருந்து கத்தி நழுவிப் பறந்தது. குனிந்து நின்ற இன்னொருத்தியின் தோளைத் தாண்டிப் போய்ச் சேற்றில் குத்திட்டு நின்றது. குனிந்திருந்தவளுக்கு நடந்ததே தெரியவில்லை. நிமிர்ந்து, “என்னங்க எல்லாரும் என்னையே பார்க்கறீங்க?” என்றாள்.

வாரியைப் போட்டுவிட்டு நேராக ஆபீசுக்கு நடந்தேன். இன்ஜினியர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கழிப்பறைச் சுவரையும் சொன்னேன். அவர் டப்பாவை மூடினார்.

“எழுதிக் கொடு. ஆனா முதல்ல அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு.”

பதிவேட்டு அறையில் ஜன்னல் கிடையாது. அக்கா மேஜைமேல் ஒரு கயிற்றைப் போட்டு, முடிச்சை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தார். விரல் நுனிகளில் பிளாஸ்திரி. நான் நின்றபடியே சொன்னேன். முடிந்ததும் கையிலிருந்த முடிச்சை இறுக்கிவிட்டுக் கேட்டார்.

“சரி, பயத்துல சொன்ன. முடிச்சுக்குப் பக்கத்துலன்னு சொன்னியே, அது எதுக்கு?”

அது எதற்கென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“போ” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அக்காவுக்கு ஸ்டோர் வேலை திரும்பக் கிடைத்தது. கயிறுகளும் அதே வாரம் கத்திகளுக்குத் திரும்பின. எனக்கு ஆறு மாசம் சஸ்பெண்ட். மாப்பிள்ளை தேறினார், ஆனால் சரிவில் நிற்க முடியாததால் ஆபீசில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். எக்ஸ்பிரஸ் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

தங்கையிடம் சொன்ன நாளைத்தான் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவள் அழவில்லை. மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. வெட்டுப்பட்ட அன்று காலை கயிறில்லாத என் கத்தியை அவர் பார்த்திருப்பாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

“அந்த அக்கா வீடு எங்க?” என்றாள் தங்கை.

சொன்னேன். “நானும் வரேன். சேர்ந்து போகலாம்.”

“நான் பேசினதுக்கு நான் போறேன். நீ வர வேண்டாம்.”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

“மச்சான், தலகாணி நகர்ந்துடுச்சு. கால கொஞ்சம் தூக்கி வைங்க.”

இரண்டு கையாலும் அவர் காலைத் தூக்கினேன். கட்டு கதகதப்பாக இருந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல” என்றார். “ம். போதும்.”