சுண்ணாம்புப் புள்ளி

யுத்தகாலத் துணிப் பஞ்சத்தில் புதுச்சேலைக்கு எங்கே போவது? தம்பி கல்யாணத்துக்காக உண்ணாமலை தன் வெளுத்துப்போன பழஞ்சேலையை மஞ்சளில் முக்கி நிழலில் உலர்த்தியிருந்தாள். வெற்றிலை போட்ட கையோடு புருஷன் சடையன் அதை மடிக்கப் போக, சுண்ணாம்பு பட்ட இடமெல்லாம் சிவந்துவிட்டது. அவனை வைதுகொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சிவப்பு அழகாகத்தான் இருந்தது.

"அந்தச் சுண்ணாம்பை இப்படிக் கொண்டாங்க."

இருவரும் உட்கார்ந்து விரல் நுனியால் சேலை முழுக்கப் புள்ளி வைத்தார்கள்.

பந்தலில் பாதிப் பெண்கள் மஞ்சளில் முக்கிய பழஞ்சேலையோடுதான் வந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்க, இந்தச் சுங்குடி எந்தக் கடையில எடுத்தீங்க?"

"கடையா? எங்க ஊட்டு வெத்தலப் பொட்டியில எடுத்ததுங்க" என்று உண்ணாமலை பூரிப்போடு ரகசியத்தைச் சொன்னாள்.

சாப்பிட்டு எழுந்து தாம்பூலத்துக்கு உட்கார்ந்த ஆண்களுக்கு, அன்று ஒரு கிள்ளு சுண்ணாம்புகூட மிஞ்சவில்லை.